கைஜி, ஆறு தொகுதிகள்: ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் படித்தது

"சித்தி, இது வட்டிக் கணக்குக் கதை. உங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லித்தான் அக்கா மகன் 'கைஜி' என்கிற மாங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், முதல் தொகுதியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அவன் பார்க்கிற ஜப்பான் சமாச்சாரங்கள் எப்படியிருக்கும் என்பது ஹாலில் டிவி ஓடும்போது காதில் விழுந்தே தெரியும். யாரையோ ஓரிடத்தில் அடைத்து வைப்பார்கள், ஏதோ ஒரு விளையாட்டு நடக்கும், தோற்றவர் தலையில் வானத்திலிருந்து ஒரு லேசர் கோடு இறங்கும். அதனால் புத்தகம் இரண்டு வாரம் ரசீதுக் கட்டுக்கு அடியிலேயே கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய், கம்ப்யூட்டரும் அணைந்து, வேறு வழியில்லாமல் எடுத்தேன்.

கதை 1996 பிப்ரவரியில் ஆரம்பிக்கிறது. பள்ளிப் படிப்பு முடிந்து டோக்கியோவுக்கு வந்தவன் இதோ கைஜி. வேலை இல்லை. ஜப்பானில் நிலமும் பங்கும் ஏறு ஏறென்று ஏறி, பொத்தென்று விழுந்து சில வருடங்கள் ஆன சமயம் அது. சில்லறைச் சூதாடிக்கொண்டு, பணக்காரர்களின் வெளிநாட்டுக் கார்களைக் கீறிவிட்டுச் சந்தோஷப்படுகிறவன். நல்ல பையன் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. அவன் வீட்டுக் கதவை எண்டோ என்கிற வட்டிக்காரர் வந்து தட்டுகிறார். கூட வேலை பார்த்த ஃபுருஹாட்டா என்பவனுக்கு எப்போதோ ஒரு ஜாமீன் கையெழுத்துப் போட்டாயே, அவன் ஓடிவிட்டான், இனி நீதான் கட்ட வேண்டும் என்கிறார். அசல் 3 லட்சம் யென். மாதம் 20 சதவீதம், கூட்டு வட்டி, பதினான்கு மாதம். மொத்தம் 38 லட்சத்து 50 ஆயிரம்.

தொழில் புத்தி விடவில்லை. கால்குலேட்டரை எடுத்து 1.2-ஐப் பதினான்கு முறை பெருக்கினேன். 12.839 வந்தது. 3 லட்சத்தால் பெருக்கினால் 38,51,755. எழுதியவர் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார். அந்த நிமிடத்தில் இந்த ஆளின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. சினிமாவில் வருகிற கடன் தொகைகளை நான் ஒருபோதும் நம்பியதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 2016இல் நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன். பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்தவர் லோடு ஆட்டோ எடுத்தார். "அக்கா, நீங்க போட்டாத்தான் குடுப்பாங்களாம்" என்றார். ஏழு தவணை ஒழுங்காகக் கட்டினார். எட்டாவது மாதம் போனை அணைத்தார், ஒன்பதாவது மாதம் எனக்கு நோட்டீஸ் வந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவு என்று அதில் அச்சடித்திருந்தது. கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். 1872ஆம் வருடத்துச் சட்டம். நான் பி.காம் இரண்டாம் வருடத்தில் அதைப் படித்துத் தேர்வெழுதி 71 மார்க்கும் வாங்கியவள். சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்து, இரண்டு வளையலை அடகு வைத்து, 64,000 ரூபாய் கட்டி முடித்தேன். அந்தக் கடன் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம்.

அதனால் எண்டோ அந்தப் பத்திரத்தைக் கைஜியின் முகத்துக்கு நேராகப் பிடிக்கிற பக்கத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. லேசர் இறங்கியபோதெல்லாம் பிசையாத வயிறு.

ஜப்பானில் இந்த வகை ஜாமீன் இன்னும் கறாரானது. "முதலில் கடன் வாங்கியவனைப் போய்க் கேளுங்கள்" என்று சொல்லும் உரிமைகூட அங்கே கூட்டு ஜாமீன்தாரருக்கு இல்லை. கைஜியின் முதல் வரிசை பத்திரிகையில் முடிந்த அதே 1999இல், அந்த நாட்டில் ஒரு கடன் நிறுவன ஊழியர், ஜாமீன் போட்டவரிடம் "சிறுநீரகத்தை விற்றுக் கட்டு" என்று மிரட்டிக் கைதாகி, அது பெரிய விவகாரமானது. 2006இல் சட்டத்தைத் திருத்தி, 2010இல் முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வட்டிக்கு உச்சவரம்பு ஆண்டுக்கு 20 சதவீதம், ஒருவருக்குக் கொடுக்கிற மொத்தக் கடன் அவருடைய ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. எண்டோ கேட்கிற மாதம் இருபது என்பது அன்றைய சட்டப்படியும் குற்றம்தான். நம்மூரில் மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று சொல்வோமே, அந்த ரகம். நம்மிடமும் 2003இலேயே தடைச் சட்டம் வந்தாயிற்று. அதைக் கேட்டால் எங்கள் தெருமுனை டீக்கடைக்காரர் சிரிப்பார்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். எழுதி வரைந்தவர் நொபுயுகி ஃபுகுமோட்டோ. கோடான்ஷா நிறுவனத்தின் யங் மேகசின் வார இதழில் 1996 முதல் வந்த தொடர். 1998இல் கோடான்ஷா மாங்கா விருது வாங்கியது. முதல் வரிசை ஜப்பானில் பதின்மூன்று பாகம். டென்பா என்கிற அமெரிக்கப் பதிப்பகம் அதை ஆறு தடித்த தொகுதிகளாக ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. நான் வாங்கியது அதுதான். ஒவ்வொன்றும் ஐந்நூறு பக்கத்துக்கு மேல். எனக்கு ஒன்று இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி ஆனது. இறக்குமதிச் சரக்கு, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஒரு விலை. அவசரப்படாமல் காத்திருந்து, விலை இறங்கும்போது ஒன்றொன்றாக வாங்கினால் முந்நூறு, நானூறு மிச்சமாகும். எனக்கு ஆறும் வந்துசேர ஏழு மாதம் ஆனது. நாலாம் தொகுதி மூலை நசுங்கி வந்தது, திருப்பி அனுப்பினால் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து அப்படியே வைத்துக்கொண்டேன்.

வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் நாற்பது பக்கம் தடுமாற்றமாக இருக்கும், அப்புறம் கை தானாகப் போகும். பைண்டிங் இறுக்கம். ஒரு கையில் பிடித்துப் படிக்க முடியாது, மேசையில் வைத்து இரண்டு கையாலும் அமுக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது.

ஓவியம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் பார்வைக்கு, வரையத் தெரியாத ஆள் வரைந்த மாதிரி இருக்கும். மூக்கு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், தாடை முக்கோணம். அழுதால் கண்ணீர் கன்னத்தில் வழியாது, குழாய் உடைந்த மாதிரி கொட்டும். ஆனால் நூறு பக்கம் போனபின் வேறு எந்த முகத்தையும் இந்தக் கதையில் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பயந்தவனின் முகத்தை அழகாக வரைந்தால் பயம் போய்விடுமே. பின்னணியில் "ஸவ ஸவ" என்று ஓர் ஒலி வந்துகொண்டே இருக்கும். கூட்டம் சலசலப்பது, உள்ளுக்குள் திகில் கிளம்புவது, இரண்டுக்கும் ஜப்பானிய மொழியில் அந்த ஒரே ஒலிதானாம். அக்கா மகன் சொன்னான். இப்போது கரண்ட் பில் வந்தால்கூட வீட்டில் "ஸவ ஸவ" என்கிறோம்.

எண்டோ ஒரு வழி காட்டுகிறார். எஸ்புவார் என்றொரு கப்பல், ஒரே ஓர் இரவு. ஜெயித்தால் கடன் ரத்து, தோற்றால் எங்கோ கொண்டுபோய்விடுவார்கள். எஸ்புவார் என்றால் பிரெஞ்சில் நம்பிக்கை. கடன்காரர்களை ஏற்றும் கப்பலுக்கு வைத்த பெயர்!

அங்கே நடப்பது நாம் சின்ன வயதில் விளையாடிய கல், காகிதம், கத்தரிக்கோல்தான். சட்டைக்கு மூன்று நட்சத்திரம், கைக்குப் பன்னிரண்டு சீட்டு, வகைக்கு நான்கு. நேரம் நான்கு மணி. ஓர் ஆட்டம் தோற்றால் நட்சத்திரம் ஒன்று போகும். முடிவில் கையில் சீட்டு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, நட்சத்திரம் மூன்றுக்குக் குறையக் கூடாது. ஏறும்போதே செலவுக்குப் பணம் கடனாகத் தருகிறார்கள், 10 லட்சம் முதல் 1 கோடி யென் வரை. பத்து நிமிடத்துக்கு 1.5 சதவீதம் கூட்டு வட்டி. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறதா? நான்கு மணி நேரத்தில் இருபத்துநான்கு பத்து நிமிடங்கள். 1 கோடி வாங்கினால் திருப்பித் தர வேண்டியது 1 கோடி 42 லட்சத்து 95 ஆயிரம். இதையும் போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

இதற்குமேல் எந்த மந்திரமும் கிடையாது. கைஜி ஏறியதுமே ஃபுனாய் என்றொரு சிரித்த முகத்துக்காரன் வந்து, "நாம் இரண்டு பேரும் பன்னிரண்டு சீட்டையும் ஒரே வரிசையில் போட்டுச் சமனிலேயே முடித்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை" என்கிறான். கேட்கிற நமக்கும் நியாயமாகத்தான் படுகிறது. அரை மணி நேரத்தில் கைஜியிடம் நட்சத்திரம் ஒன்றுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் அவனுக்கு மூளை திறக்கிறது. கப்பலில் கல் எத்தனை, காகிதம் எத்தனை, கத்தரி எத்தனை இன்னும் பாக்கி என்று ஒரு பலகையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்து ஒரே வகைச் சீட்டை மொத்தமாக வாங்கிக் குவிக்கலாம் என்று யோசிக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சு விலை ஏறும் என்று மோப்பம் பிடித்து முப்பதாம் நம்பர் நூலைப் பதுக்குகிற வியாபாரியின் புத்தி அல்லவா இது? அந்தப் பதுக்கல் எங்கே உதைக்கும் என்பதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஐம்பது பக்கம் முன்னாலேயே தெரிந்துவிடும். தெரிந்தும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

விளையாட்டு தொடங்கும் முன் டொனெகாவா என்கிற அதிகாரி மேடையேறுகிறார். கீழே நிற்பவர்கள், தோற்றால் என்ன ஆகும், எங்கே கொண்டுபோவீர்கள் என்று கத்திக் கேட்கிறார்கள். அவர் பதில் சொல்வதில்லை. கேட்டால் பதில் வரும் என்று நினைக்கிறீர்களே, உலகம் உங்கள் அம்மாவா என்கிற தோரணையில் ஒரு பேச்சு. வில்லன் பேச்சுதான், ஆனால் ஒரு வாக்கியத்தைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. நோட்டீஸ் வந்த மறுநாள் நான் அந்தக் கடன் ஆபீசுக்குப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் இதைத்தான் ரொம்பப் பணிவான வார்த்தைகளில் சொன்னாள். தண்ணீர்கூடக் கொடுத்தாள்.

கப்பலுக்கு அப்புறம் ஒரு ஹோட்டல். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இரும்பு உத்தரம் போட்டு, எழுபது மீட்டருக்கு மேலான உயரத்தில், ராத்திரியில், ஆட்களை நடக்கவிடுகிறார்கள். பிடித்துக்கொள்ளக் குனிந்தால் உத்தரத்தில் மின்சாரம். எதிர்க் கட்டடத்தில் பணக்காரர்கள் கையில் கோப்பையோடு பார்க்கிறார்கள். இந்தப் பகுதியில் கணக்கு எதுவும் இல்லை, தந்திரமும் இல்லை. நடக்க வேண்டும், அவ்வளவுதான். முன்னால் போகிறவன் நிலைகுலையக் கூடாது என்பதற்காக ஒருவர் சத்தமே போடாமல் விழுகிறார். யார் என்று சொல்ல மாட்டேன். அந்த இரவு எனக்கு மூன்று மணிவரை தூக்கம் வரவில்லை. ஆறு தொகுதியிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எடுப்பது இந்த உத்தரத்தைத்தான்.

அதன் பிறகு டொனெகாவாவுக்கு எதிரே ஒரு சீட்டாட்டம். ஒரு பக்கம் சக்கரவர்த்தி ஒன்று, குடிமக்கள் நான்கு. மறு பக்கம் அடிமை ஒன்று, குடிமக்கள் நான்கு. சக்கரவர்த்தி குடிமகனை வெல்வான், குடிமகன் அடிமையை வெல்வான், அடிமை சக்கரவர்த்தியை வெல்வான். அடிமைக்கு இழக்க ஒன்றுமில்லை என்பதால். ஐந்து சீட்டில் உலகத்தையே அடுக்கிவிட்டாரே மனுஷர்! பந்தயம் பணம் கிடையாது, மில்லிமீட்டர். காதில் ஒரு கருவியை மாட்டி, தோற்கிற ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஊசி செவிப்பறையை நோக்கி நகரும். அடிமைப் பக்கம் ஜெயித்தால் ஐந்து மடங்கு. இந்த ஆட்டத்தை நானும் அக்கா மகனும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஆடிப் பார்த்தோம். பந்தயம், வீட்டுப் பாத்திரம் கழுவுவது. பன்னிரண்டு சுற்றில் அவனுக்கு ஏழு, எனக்கு ஐந்து. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் இதை ஆட முடியாது என்பது அப்போதுதான் புரிந்தது.

குறைகள் இல்லாமலா? இழுவை. ஒரு சீட்டை மேசையில் வைக்கவே இருபது பக்கம் எடுத்துக்கொள்வார். கைஜி யோசிப்பான், அப்புறம் தான் யோசித்ததைப் பற்றி யோசிப்பான், நடுவில் கதைசொல்லி வந்து சதுப்புநிலம், பாதாளம், சூறாவளி என்று உவமை அடுக்குவார். வாரப் பத்திரிகையில் வாரம் ஒரு துண்டாகப் படித்தவர்களுக்கு அது சுவையாக இருந்திருக்கும். மொத்தமாகப் படிக்கும்போது சில இடங்களில் மிச்சம் எத்தனை பக்கம் என்று விரலால் அளந்து பார்த்தேன். அப்புறம், பெண்களே இல்லை. மூவாயிரம் பக்கத்துக்கு மேல் போகிற கதையில் பேர் சொல்லி நினைவு வைத்துக்கொள்ள ஒரு பெண் கிடையாது. கடன் ஆண்களுக்கு மட்டும் வருகிற வியாதியா? எங்கள் தெருவில் சுய உதவிக் குழுக் கடனுக்கு ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கிற பெண்களைக் கூட்டிப்போய் அந்தக் கப்பலில் ஏற்றியிருந்தால் ஃபுனாய் முதல் ஐந்து நிமிடத்திலேயே கடலில் கிடந்திருப்பான்.

படமாகப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: 2009இல் தோயா சாத்தோ இயக்கத்தில் வந்தது. புத்தகத்தை முடித்துவிட்டுப் பார்த்தேன். கப்பல், உத்தரம், சீட்டாட்டம் மூன்றையும், நடுவே இரண்டாம் வரிசையிலிருந்து பாதாளச் சிறை வேலையையும் சேர்த்து, சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் திணித்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு வேகவேகமாகப் பரிமாறுவது மாதிரி இருந்தது. விதி புரிவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. விதி புரியாவிட்டால் இந்தக் கதையில் பயமே இல்லையே. ஆனால் நடிகர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. டொனெகாவாவாக வரும் தெருயுகி ககாவா, உதட்டை அசைத்தாலே நமக்குக் கடன் இருக்கிற மாதிரி தோன்றுகிறது. பெண்ணே இல்லாத குறையைப் படக்காரர்களும் உணர்ந்தார்களோ என்னவோ, எண்டோவைப் பெண்ணாக மாற்றிவிட்டார்கள். நடித்தவர் யுகி அமாமி. பெண்கள் மட்டுமே நடிக்கிற தகராசுகா நாடகக் குழுவில் ஆண் வேடத்துக்குப் பேர் போனவராக இருந்தவர். ஆண் வேடம் போட்டவருக்கு, ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக்கிக் கொடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

கைஜியாக வருவது தட்சுயா ஃபுஜிவாரா. பாதாளத்தில் கூலி வாங்கிய காசில் ஒரு குளிர்ந்த பீரை வாங்கிக் குடித்து உடம்பெல்லாம் நடுங்கக் கத்துவாரே, அந்தக் காட்சியை ஜப்பானில் மிமிக்ரி செய்கிறவர்கள் இன்னும் விடவில்லை. பாவம், அந்த மனிதருக்கு இந்தத் தலையெழுத்து புதிதில்லை. 2000 டிசம்பரில் வந்த பேட்டில் ராயல் படத்தில் தீவில் மாட்டிக்கொள்ளும் பள்ளிக்கூடப் பையனும் இவரேதான். அதில் இவருக்குக் கைகொடுக்கிற மூத்த மாணவனாக வந்த டாரோ யமமோட்டோதான் கைஜியில் இவரை ஏமாற்றுகிற ஃபுனாய். ஒன்பது வருடத்தில் நண்பன் நட்சத்திரத்தைப் பிடுங்குகிறவன் ஆகிவிட்டான்! அந்த யமமோட்டோ பின்னாளில் அரசியலுக்குப் போய், 2013இல் நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்வாகி, 2019இல் சொந்தக் கட்சியும் தொடங்கிவிட்டார்.

பேட்டில் ராயலை இதற்காகவே தேடிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேர், ஒரு தீவு, மூன்று நாள், கழுத்தில் வெடிக்கிற பட்டை. ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். பையைத் திறந்தால் ஒருவனுக்குத் துப்பாக்கி, இன்னொருவனுக்குப் பாத்திர மூடி. மூல நாவலைக் கௌஷுன் தகாமி ஒரு திகில் நாவல் போட்டிக்கு அனுப்பி, இறுதிச் சுற்றுவரை வந்து நிராகரிக்கப்பட்டு, அப்புறம் 1999இல்தான் அது அச்சேறியது. படத்தை எடுத்த கின்ஜி ஃபுகசாகுவுக்கு அப்போது எழுபது வயது. போர்க் காலத்தில் பதினைந்து வயதுப் பையனாக ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குண்டு விழுந்து செத்த கூட்டாளிகளின் உடல்களை அள்ளியவர். பெரியவர்கள் மேல் அவருக்கு இருந்த கோபம் படத்தின் ஒவ்வொரு காட்சியிலும் இருக்கிறது. விதிகளை விளக்க ஒரு வீடியோ போடுவார்கள், அதில் ஒரு பெண் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துகிற உற்சாகத்தோடு, கொல்வது எப்படி என்று சொல்லிக்கொடுப்பாள். நல்ல படம், சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளை மயக்க மருந்து கொடுத்துத் தூக்கி வந்தார்கள். அவர்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கைஜி தன் காலால் நடந்துபோய்க் கப்பலில் ஏறுகிறான். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் குலை நடுக்கம்.

ஸ்க்விட் கேம் என்கிற கொரியத் தொடரை எடுத்தவர்கூடக் கையில் காசில்லாத 2008 வாக்கில் காமிக்ஸ் கடைகளில் உட்கார்ந்து இந்த மாதிரிக் கதைகளைப் படித்துத்தான் தன் கதையை யோசித்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதில் கடன்காரர்களைப் பொறுக்கி எடுத்து, பணக்காரர்கள் பார்க்க விளையாடவிடுகிற இடத்துக்கு வந்ததும், "எஸ்புவார் கப்பலைத் தரையில் இறக்கிவிட்டார்கள்" என்றேன். அக்கா மகன் முறைத்தான்.

அவனுக்குப் பிடித்தது ஆலிஸ் இன் பார்டர்லேண்ட். ஹாரோ ஆசோவின் மாங்கா, 2020இலிருந்து நெட்ஃபிளிக்ஸ் தொடர். டோக்கியோவின் ஷிபுயா நாற்சந்தியை ஆளே இல்லாமல் காட்டுவார்களே, அதற்காக அஷிகாகா என்ற ஊரில் அந்தச் சந்தியையே செட் போட்டார்களாம். பார்க்கப் பிரமாதம். அதில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சீட்டு உண்டு: இஸ்பேடு என்றால் உடல் வலு, டைமண்ட் என்றால் மூளை, கிளாவர் என்றால் கூட்டு வேலை, ஹார்ட்டின் என்றால் நம்பிக்கைத் துரோகம். மூன்றாவது எபிசோடில் நான்கு பேர் ஆடுகிற ஹார்ட்டின் ஏழு, கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் பார்த்தேன். அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. ஷினோபு கைதானியின் லையர் கேம் முதல் இரண்டு பாகம் நன்றாக இருந்தது. யார் எதைச் சொன்னாலும் நம்புகிற பெண் கதாநாயகி என்பது கைஜிக்குப் பிறகு படிக்க ஆறுதல். மீதியை இன்னும் வாங்கவில்லை.

வாங்கலாமா என்று கேட்டால், மொத்தமாக ஆறையும் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். முதல் தொகுதியை வாங்கி, கப்பலில் பதுக்கல் ஆரம்பிக்கிற இடம்வரை படியுங்கள். அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காராவிட்டால் இது உங்களுக்கானது இல்லை, இரண்டாயிரத்தோடு போயிற்று. ரத்தம் அதிகமில்லை, ஆனால் விரலும் காதும் பந்தயத்துக்கு வருகிற இடங்கள் உண்டு, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், கூட்டு வட்டி பாடம் நடத்துகிற வாத்தியார்களும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் கடினமில்லை. புத்தகமே வேண்டாம் என்பவர்கள் 2007இல் மேட்ஹவுஸ் ஸ்டுடியோ எடுத்த இருபத்தாறு எபிசோடு அனிமேயை, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைப் பார்க்கலாம், படத்தைவிட அது எவ்வளவோ மேல். இழுவையையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள் என்பதால்தான் மேல்.

எங்கள் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் கணக்கெடுக்கிற பையன், போன மாதம் மச்சானுக்குப் பைக் லோன் ஜாமீன் போடப் போவதாகச் சொன்னான். நான் எதுவும் சொல்லவில்லை, முதல் தொகுதியை மட்டும் கையில் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டானா என்று தெரியவில்லை. புத்தகமும் இன்னும் திரும்பி வரவில்லை.